கைக்கெட்டும் விலையில் ஒரு முழு சஸ்பென்ஷன் பிரேம்: எதைப் பார்த்து வாங்குவது?

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளம். கல்மேசை மேல் பழைய துண்டை விரித்து, அதன்மேல் பிரேமைப் படுக்க வைத்திருந்தார் விற்க வந்த தம்பி. நன்றாகத் துடைத்துக் கொண்டு வந்திருந்தார். “ஒரு கீறல்கூட இல்லண்ணே, பாத்துக்குங்க” என்றார். நான் பையிலிருந்து ஆலன் சாவிகளை எடுத்து, “ஷாக்கக் கழட்டிப் பாக்கலாமா தம்பி?” என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு சரி என்றார்.

இரண்டே போல்ட்டுதான். பின்பக்க அதிர்வைத் தாங்கும் அந்த ஷாக் கையோடு வந்துவிட்டது. பிரேமின் முன்பாதியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பின்சக்கரம் மாட்டும் பின்சட்டத்தை மறுகையால் மெல்லத் தூக்கி இறக்கினேன். நல்ல நிலையில் உள்ள பிரேமில் இது எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் போய் வரும். இதில் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போனது, ஓர் இடத்தில் மட்டும் விரலில் ஒரு தடங்கல் தட்டுப்பட்டது. மறுபடி தூக்கினேன். அதே இடத்தில் அதே தடங்கல். ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்ததும் பின்சட்டம் போய் நிற்கும் இடம் அது. மூட்டுக்குள் இருக்கும் பேரிங்கின் குண்டுகள் அதே இடத்தில் நின்று நின்று பாரம் தாங்கி, வளையத்தில் குழி விழுந்துவிட்டது. ஷாக் மாட்டியிருந்தால் இது கைக்குத் தெரிந்திருக்காது.

முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் முழு சஸ்பென்ஷன் மலைச்சைக்கிளுக்குப் பிரேம் தேடும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எத்தனை மில்லிமீட்டர் டிராவல் வாங்கலாம்?” சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரத்தைக் கேட்கிறார்கள். அடுத்தது, “எந்த பிராண்டு?” இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் பணம் குறைவு, எல்லா வகைப் பாதையிலும் ஓட்ட வேண்டும் என்றால் அவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பிரேமில் தேயக்கூடிய பாகங்கள், அதாவது ஷாக், பேரிங், ஷாக்கின் முனையில் உட்காரும் புஷ், பின் கியரைத் தாங்கும் ஹேங்கர், ஐந்து வருடம் கழித்தும் எனக்குக் கிடைக்குமா? மலிவாக வாங்கிய பிரேம்கள் பல இன்று வீட்டு மூலையில் தூங்குகின்றன. ஓட்டம் பிடிக்காமல் ஓரங்கட்டியவை அவற்றில் குறைவு. ஒரு சின்னப் பாகம் கிடைக்காமல் நின்றுபோனவைதான் அதிகம்.

பிரேம் மட்டுமா, முழு சைக்கிளா?

பிரேமை மட்டும் வாங்கி, மற்ற எல்லாவற்றையும் புதிதாக வாங்கிக் கட்டினால், அதே தரத்தில் கடையில் நிற்கும் முழு சைக்கிளை விட அதிகம் செலவாகும். நிறுவனங்கள் ஃபோர்க்கையும் பிரேக்கையும் கியரையும் ஆயிரக்கணக்கில் மொத்தமாக வாங்குகின்றன. நாம் ஒவ்வொன்றாகச் சில்லறையில் வாங்குகிறோம். ஆகவே கையில் எதுவும் இல்லாதவருக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: நல்ல நிலையில் உள்ள பழைய முழு சைக்கிளைத் தேடுங்கள்.

பிரேம் மட்டும் வாங்குவது யாருக்குப் பொருந்தும் என்றால், ஏற்கெனவே ஒரு நல்ல ஹார்ட்டெயில் வைத்திருப்பவருக்கு. முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள அந்த சைக்கிளிலிருந்து ஃபோர்க், சக்கரம், பிரேக், கியர், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து மாட்டிக்கொள்ளலாம், அளவுகள் பொருந்தினால். ‘பொருந்தினால்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் பலருடைய பட்ஜெட் கவிழ்கிறது.

பின்சக்கர ஹப்பை எடுத்துக்கொள்வோம். பழைய சைக்கிள்களில் 135 மி.மீ. அகலத்தில் குயிக் ரிலீஸ் அச்சு. பிறகு 142 மி.மீ. அகலமும் 12 மி.மீ. தடிமனும் கொண்ட த்ரூ ஆக்சில் வந்தது. 2014-க்குப் பிறகு 148 மி.மீ. ‘பூஸ்ட்’ பரவி, இன்று டிரெயில் சைக்கிள்களில் அதுதான் பொது வழக்கம். 142-க்கும் 148-க்கும் வித்தியாசம் 6 மி.மீ. மட்டுமே. ஆனால் அந்த 6 மி.மீ.க்காகச் சக்கரத்தையே மாற்ற வேண்டி வரலாம். சில ஹப்களுக்கு மாற்று மூடிகள் கிடைக்கின்றன, பலவற்றுக்கு இல்லை. பிரேமுக்கு விலை பேசும் முன் உங்கள் ஹார்ட்டெயிலின் பின் ஹப்பில் என்ன எண் என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்குழாயான ஹெட் டியூபும் அப்படித்தான். மேலே ஒன்றேகால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவாக, கீழே ஒன்றரை அங்குலமாக அகலும் டேப்பர் தண்டுதான் இப்போது வரும் நல்ல ஃபோர்க்குகளில் எல்லாம். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் நேராக இருக்கும் பழைய ஹெட் டியூப் பிரேம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதற்கு ஃபோர்க் தேடி அலைய நேரிடும். 26 அங்குலச் சக்கரப் பிரேம்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. டயர் கிடைப்பதே சுருங்கிவிட்டது, விட்டுவிடுங்கள்.

பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டில் மரை வெட்டிய பழைய பிஎஸ்ஏ வகை இருந்தால் சந்தோஷப்படுங்கள். அடித்து இறுக்கும் பிரஸ்ஃபிட் வகை மோசமானதல்ல. ஆனால் மழையும் சேறும் உள்ள ஊரில் அது கிரீச்சிடத் தொடங்கினால் சரிசெய்யத் தனிக் கருவியும் பொறுமையும் வேண்டும். மரை வகையை ஒரு ஸ்பேனர் வைத்து வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிடலாம்.

கியர் ஹேங்கர் விஷயத்தில் காலம் நமக்குச் சாதகமாகத் திரும்பியிருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும், சில நேரம் ஒவ்வொரு மாடலுக்கும், தனித்தனி ஹேங்கர். கல்லில் இடித்து வளைந்தால் அதே எண்ணைத் தேடி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2019-இல் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் நிறுவனம் யுடிஎச் என்ற பொது ஹேங்கரைக் கொண்டுவந்தது. பிரேம் செய்யும் நிறுவனங்கள் பலவும் அதை ஏற்றுக்கொண்டன. அதற்கு முந்தைய பிரேமாக இருந்தால், ஹேங்கர் இரண்டையாவது சேர்த்துக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று கேளுங்கள்.

எவ்வளவு டிராவல்?

சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம்தான் டிராவல். 100 முதல் 120 மி.மீ. வரை கிராஸ் கன்ட்ரி பந்தய ஓட்டத்துக்கு. 120 முதல் 150 வரை டிரெயில் சைக்கிள். 150 முதல் 170 வரை, கடினமான இறக்கங்களுக்கான எண்டூரோ. 200 மி.மீ. என்பது மலையுச்சிக்கு வண்டியில் ஏறிப் போய், இறங்க மட்டுமே ஓட்டுபவர்களுக்கு.

சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். அதன் அடிவாரத்துச் சைக்கிள் பாதையில் கல்லும் வேரும் நிறைய உண்டு, நீண்ட இறக்கம் கிடையாது. செஸ்நட் இயற்கைப் பூங்காவில் மண்ணால் வடிவமைத்த வளைவுகள். புலாவ் உபினில் பழைய கிரானைட் குவாரியைச் சுற்றி அமைந்த கேத்தம் பூங்காவில்தான் உண்மையான பாறை இறக்கங்கள். வாரம் முழுதும் இவற்றில் ஓட்டிவிட்டு, எப்போதாவது எல்லை தாண்டி ஜொகூர், கோலாலம்பூர் பக்கம் போகிறவருக்கு 170 மி.மீ. எதற்கு? சமதளத்தில் அந்தக் கனத்தை மிதித்தே கால் ஓய்ந்துவிடும். பின்னால் 120 முதல் 140, முன்னால் 130 முதல் 150: இந்த எல்லைக்குள் தேடுங்கள். செஸ்நட் தவிர வேறெங்கும் போக மாட்டேன் என்பவருக்கு ஹார்ட்டெயிலே போதும். அந்தப் பணத்தை நல்ல டயரிலும், ஓடும்போதே சீட்டை இறக்கும் டிராப்பர் போஸ்டிலும் போடலாம்.

டிராவலை விட வண்டியின் குணத்தை அதிகம் தீர்மானிப்பது அதன் கோணங்களும் நீளங்களும். 2010 வாக்கில் வந்த டிரெயில் பிரேம்களில் ஃபோர்க் சாயும் ஹெட் ஆங்கிள் 68, 69 பாகை இருக்கும். இன்று 65 முதல் 66.5 வரை. முன்சக்கரம் உடம்பை விட்டுத் தள்ளி முன்னே போவதால், செங்குத்தான இறக்கத்தில் தலைகுப்புறக் கவிழும் பயம் குறைகிறது. சீட் டியூபின் கோணம் அன்று 73 பாகையை ஒட்டி இருந்தது, இன்று 76-க்கு மேல் போய்விட்டது. ஏற்றத்தில் பின்சஸ்பென்ஷன் அமுங்கி உடம்பு பின்னால் சாயும்போது, நிமிர்ந்த சீட் டியூப் அதை ஈடுகட்டி, முன்சக்கரம் தூக்காமல் காக்கிறது. ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒரே சைக்கிளில் சமாளிக்க நினைப்பவருக்கு இந்த இரண்டு எண்களும் உயிர்நாடி. 130 மி.மீ. டிராவலும் நல்ல கோணமும் உள்ள இன்றைய பிரேம், 150 மி.மீ. டிராவலும் பழைய கோணமும் உள்ள பிரேமை விட இறக்கத்தில் தைரியம் தரும். இரண்டையும் ஒரே நாளில் கேத்தத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அளவைத் தேர்வு செய்ய சீட் டியூப் நீளத்தைப் பார்க்காதீர்கள், ரீச் பாருங்கள். பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து ஹெட் டியூப் உச்சிவரை கிடைமட்டமாக அளந்த தூரம் அது. நின்றுகொண்டு ஓட்டும்போது உங்களுக்குக் கிடைக்கும் இடம் அதுதான். என் உயரம் 170 செ.மீ., எனக்கு 440 மி.மீ.-ஐ ஒட்டிய ரீச் சரியாக அமைகிறது. ஃபோர்க் கொஞ்சம் நீளமாகப் போட்டால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். ஃபோர்க் 10 மி.மீ. கூடினால் ஹெட் ஆங்கிள் ஏறக்குறைய அரைப் பாகை சாயும், கூடவே சீட் ஆங்கிளும் சாயும், பாட்டம் பிராக்கெட்டும் உயரும். பிரேம் தயாரித்தவர் அனுமதித்த உச்ச அளவைத் தாண்ட வேண்டாம்.

ஒரு மூட்டு, ஒரு காப்புரிமை

பின்சஸ்பென்ஷனில் எத்தனை பெயர்கள்! அடிப்படை என்னவோ எளிது. பின்சட்டம் முழுதும் ஒரே துண்டாக, செயின்ரிங் அருகே ஒரு மூட்டில் ஆடினால் அது ஒற்றை மூட்டு, சிங்கிள் பிவட். சக்கரம் அந்த மூட்டை மையமாக வைத்து ஒரு வட்டத்தில் நகரும். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் உள்ள ஆரஞ்ச் நிறுவனம் இந்த வகைக்கே பெயர் போனது. இதில் ஒரு குறை உண்டு: பின்பிரேக் பிடிக்கும்போது சஸ்பென்ஷன் இறுகிப்போகிற மாதிரி ஓர் உணர்வு வரும், பிரேமின் வடிவத்தைப் பொறுத்துக் கூடக்குறைய இருக்கும்.

மோட்டார் சைக்கிள் துறையிலிருந்து வந்த ஆஸ்திரியப் பொறியாளர் ஹார்ஸ்ட் லைட்னர், கலிஃபோர்னியாவில் ஏஎம்பி ரிசர்ச் என்ற தன் நிறுவனத்தில் இதற்கு ஒரு விடை கண்டார். பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், செயினோடு ஒட்டி ஓடும் செயின்ஸ்டே குழாயில் ஒரு மூட்டை வைத்தார். இப்போது சக்கரம் மாட்டியிருப்பது மேலே போகும் சீட்ஸ்டே குழாயில். சக்கரத்தின் பாதையும் பிரேக்கின் இழுவையும் அந்த ஒற்றை வட்டத்தின் பிடியிலிருந்து விடுபட்டன. இதுதான் ஹார்ஸ்ட் லிங்க். ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் எஃப்எஸ்ஆர் என்ற பெயரில் இதைப் பயன்படுத்தி, 1998-இல் காப்புரிமையையே விலைக்கு வாங்கிவிட்டது.

அதன்பிறகு அமெரிக்காவில் விற்க விரும்பிய நிறுவனங்கள் காசு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றுவழி தேட வேண்டும். பலர் மூட்டைக் கொஞ்சம் நகர்த்தி, அச்சுக்கு மேலே சீட்ஸ்டேயில் வைத்தார்கள். பார்க்க அச்சு அசலாக ஹார்ஸ்ட் லிங்க் மாதிரியே இருக்கும். ஆனால் சக்கரம் செயின்ஸ்டேயில்தான் மாட்டியிருக்கிறது, ஆகவே அது ஒற்றை மூட்டின் வட்டத்தில்தான் நகர்கிறது. மேலே உள்ள இணைப்புக் கட்டைகள் ஷாக்கை அமுக்கும் விகிதத்தை மட்டுமே மாற்றுகின்றன. அச்சின் மேலேயே மூட்டை வைத்தது டிரெக் நிறுவனத்தின் ஏபிபி, சஸ்பென்ஷன் வடிவமைப்பாளர் டேவ் வீகிளின் ஸ்பிளிட் பிவட் ஆகிய வழிகள். இரண்டு குட்டி இணைப்புகளை வைத்துப் பின்சட்டத்தையே மிதக்க விட்டவை விபிபி, டிடபிள்யூ-லிங்க், ஜயண்டின் மேஸ்ட்ரோ.

2013-இல் அமெரிக்காவில் ஹார்ஸ்ட் லிங்க் காப்புரிமை காலாவதியானது. அதன்பிறகு யார் வேண்டுமானாலும் அந்த மூட்டை வைக்கலாம் என்றானது, வைத்தார்கள். நம் மாதிரி பட்ஜெட்டில் தேடுபவர்களுக்கு இது பெரிய திருப்பம். ஒரு காலத்தில் விலை உயர்ந்த சைக்கிளின் அடையாளமாக இருந்த வடிவம் இன்று நடுத்தர விலை அலுமினியப் பிரேம்களிலும் கிடைக்கிறது. பழைய பொருள்கள் விற்கும் கரோசல் தளத்தில் ஒரு படத்தைப் பார்க்கும்போது பின்அச்சுப் பக்கம் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூட்டு அச்சுக்கு முன்னால் கீழ்க்குழாயிலா, மேலே சாய்ந்த குழாயிலா? விளம்பரத்தில் என்ன பெயர் போட்டிருந்தாலும் உண்மை அந்த ஓர் இடத்தில் தெரிந்துவிடும்.

எதை வாங்கலாம் என்றால், என் கட்சி கொஞ்சம் வித்தியாசமானது. நான் மூட்டுகளை எண்ணுவேன். எளிய ஒற்றை மூட்டுப் பிரேமில் முக்கியப் பேரிங் இரண்டு. நான்கு மூட்டு வகையில் எட்டோ அதற்கு மேலோ. ஒவ்வொன்றும் ஒருநாள் தேயும். வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி கிரீஸ் போடும் பழக்கம் உள்ளவருக்கு ஹார்ஸ்ட் லிங்க் நல்ல தேர்வு. அந்தப் பக்கமே போக மாட்டேன் என்பவர் எளிய வடிவத்தை வாங்குவது நல்லது. தேய்ந்த பேரிங்கோடு ஓடும் உயர்ந்த வடிவத்தை விட, நல்ல பேரிங்கோடு ஓடும் எளிய வடிவம் பாதையில் நன்றாகவே நடந்துகொள்ளும்.

ஷாக்கின் இரண்டு எண்கள்

ஷாக்கின் உடம்பில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது இரு முனைத் துளைகளுக்கும் இடையிலுள்ள நீளம். இரண்டாவது அது அமுங்கும் தூரம், ஸ்ட்ரோக். பிரேம் வாங்குவதில் நான் மிக அதிக எடை கொடுப்பது இந்த இரண்டு எண்களுக்குத்தான்.

2016-க்கு முன் அங்குலக் கணக்கு: மி.மீ.-க்கு மாற்றிச் சொன்னால் 200×57, 216×63 போன்றவை அப்போது பரவலாக இருந்தன. அந்த வருடம் மெட்ரிக் அளவுகள் வந்தன. 190×45, 210×50, 210×55, 230×60, 230×65 என்பவை அந்தக் குடும்பம். ஒரு முனையில் துளைக்குப் பதிலாகப் பக்கவாட்டில் போல்ட் பூட்டும் டிரன்னியன் வகையில் 185×55, 205×65 போன்றவை. இந்தப் பட்டியலில் உள்ள எண் உங்கள் பிரேமில் இருந்தால் புதிதாகவும் பழையதாகவும் பல நிறுவனங்களின் ஷாக் கிடைக்கும், விலையும் கட்டுக்குள் இருக்கும். பழைய அங்குல அளவுகளுக்குத் தேர்வு வருடா வருடம் குறைகிறது.

ஒரே ஒரு ஷாக்கை மட்டும் ஏற்கும் பிரேம்கள்தான் ஆபத்தானவை. 2011-இல் வந்த கேனன்டேல் ஜெக்கிலில், அமுக்குவதற்குப் பதில் இழுபடும்போது வேலை செய்யும் டயாட் என்ற ஷாக் இருந்தது. அதே காலத்து டிரெக் பிரேம்கள் சிலவற்றில் இரண்டு காற்றறை கொண்ட டிஆர்சிவி ஷாக். அந்தக் காலத்தில் இரண்டுமே நல்ல பொறியியல். இன்று அந்தப் பிரேமைப் பழையதாக வாங்குகிறவர் ஷாக்கின் ஆயுளைத்தான் வாங்குகிறார். என் முதல் பிரேமும் இப்படி ஒரு விசித்திர அளவுதான். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஷாக்கில் காற்று நிற்காமல் போனபோது சீல் கிடைக்கவில்லை. ஏழு மாதம் அந்த சைக்கிள் சுவரில் தொங்கியது. அதிலிருந்து எண்ணைப் படிக்காமல் நான் பணத்தை எடுப்பதில்லை.

அந்த இரண்டாவது எண்ணிலிருந்து இன்னொரு கணக்கும் போடலாம். பின்சக்கரத்தின் டிராவலை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் நெம்பு விகிதம் வரும். 140 மி.மீ. டிராவல், 55 ஸ்ட்ரோக் என்றால் 2.55. அதே 140-க்கு 50 ஸ்ட்ரோக் என்றால் 2.8. விகிதம் கூடக்கூட ஷாக்குக்குள் அதிகக் காற்றழுத்தம் வேண்டும், சீலுக்கும் எண்ணெய்க்கும் பாடு அதிகம். 85 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் குறைந்த விகிதம் உள்ள பிரேமைத் தேடுவது நல்லது. இது சராசரிக் கணக்குதான். நல்ல பிரேம்களில் தொடக்கத்தில் விகிதம் கூடுதலாகவும் முடிவை நெருங்க நெருங்கக் குறைவாகவும் இருக்கும். அதனால் சின்ன வேர்களில் மிருதுவாகவும், பெரிய குதிப்பில் ‘டமால்’ என்று அடியில் போய் முட்டாமலும் இருக்கும். காயில் ஸ்பிரிங் ஷாக் போடும் ஆசை இருந்தால் விகிதம் இப்படிக் குறைவது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் காற்று ஷாக் போலக் கடைசியில் தானாக இறுகும் குணம் காயிலுக்குக் கிடையாது.

210×50 ஷாக்குக்குப் பதிலாக 210×55 போட்டால் டிராவல் கூடுமே என்று கேட்பார்கள். நீளம் ஒன்றுதான், உள்ளே ஒரு சின்ன வளையம்தான் வித்தியாசம் என்பது பல ஷாக்குகளில் உண்மை. ஆனால் அந்த 5 மி.மீ. சக்கரத்தில் 13, 14 மி.மீ. ஆகிறது. முழுதாக அமுங்கும்போது டயர் போய் சீட் டியூபில் உரசலாம். காற்றை முழுதும் இறக்கிவிட்டு, சக்கரத்தோடு அமுக்கிப் பார்த்து, விரல் நுழையும் இடம் இருந்தால் மட்டுமே செய்யுங்கள்.

பழைய ஷாக் என்றால் சர்வீஸ் செலவை விலையில் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் காற்றறைச் சர்வீஸுக்கு 50 மணி நேரம், ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்ப் பகுதியான டேம்பருக்கு 200 மணி நேரம் என்று சொல்கிறது. வாரம் நான்கு மணி நேரம் ஓட்டுபவருக்கு முதலாவது மூன்று மாதத்தில் வந்துவிடும். “வாங்கினதுலேர்ந்து ஒரு தொந்தரவும் இல்லண்ணே” என்று சொன்னால், சர்வீஸ் செய்ததே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

விரிசல் எங்கே ஒளியும்

இந்த விலையில் என் தேர்வு அலுமினியம்தான். ஷாக்கோடு சேர்த்து மூன்றரை கிலோவை ஒட்டி வரும். கார்பன் அரைக் கிலோ போலக் குறையும். அந்த அரைக் கிலோவை நான் சேற்றில் சுமந்து பழகிவிட்டேன். அலுமினியத்தை மட்டுமே நம்பி உயர்மட்டப் பந்தயச் சைக்கிள்களைச் செய்யும் அன்டோராவின் கொமென்சால் போன்ற நிறுவனம் இருக்கும்போது, அலுமினியம் ஏழைகளின் உலோகம் என்ற பேச்சுக்கு இடமில்லை. நமக்குப் பக்கத்திலேயே இந்தோனேசியாவின் பாலிகன், சிஸ்கியூ வரிசையை அலுமினியத்தில் செய்து கைக்கெட்டும் விலையில் தருகிறது.

ஆனால் அலுமினியம் களைக்கும் உலோகம். சின்னச் சின்ன அதிர்வுகளையும் அது கணக்கில் வைத்துக்கொண்டே இருக்கும். பழைய பிரேமில் டார்ச்சை அடித்துப் பார்க்க வேண்டிய இடங்கள்: ஹெட் டியூபும் கீழ்க்குழாயும் சேரும் பற்றவைப்பின் அடிப்பக்கம், சீட் டியூப் உச்சியில் உள்ள வெட்டு, ஷாக் மாட்டும் காதுகள், முக்கிய மூட்டை ஒட்டிய செயின்ஸ்டே பாலம், பின்பிரேக் உட்காரும் இடம். மெல்லிய கோடு ஒன்று தெரிந்தால் அது பெயிண்டின் கீறலா, உலோகத்தின் விரிசலா? ஒரு துணியில் ஸ்பிரிட் தொட்டு அந்த இடத்தைத் துடையுங்கள். மேற்பரப்பு நொடியில் காய்ந்துவிடும். விரிசலாக இருந்தால் உள்ளே போன ஈரம் கொஞ்ச நேரம் மயிரிழை போலக் கறுப்பாகத் தெரிந்து கடைசியாகக் காயும். பற்றவைப்பின் ஓரத்தை ஒட்டியே அந்தக் கோடு ஓடினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பழைய கார்பனை நான் பரிந்துரைப்பதில்லை. அடுக்குகளுக்குள் விட்டுப்போன பிடிப்பைக் கண்ணால் பார்க்க முடியாது. நாணயத்தால் தட்டி ஒலியைக் கேட்பது அனுபவம் உள்ளவருக்கே பாதிதான் சொல்லும். பெரும்பாலான நிறுவனங்களின் ஆயுட்கால உத்தரவாதமும் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே. இணையத்தில் கிடைக்கும் பெயரில்லாத புதுக் கார்பன் பிரேமில் ஆசை இருந்தால், ஐஎஸ்ஓ 4210 சோதனை அறிக்கையைக் கேளுங்கள். கூடவே மூட்டு போல்ட்டு செட் ஒன்றையும் பிரேமோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். அடுத்த வருடம் அந்தக் கடை இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஈரக்காற்றும் பேரிங்கும்

நம் ஊர் வெயிலை விட ஈரம்தான் இந்தச் சைக்கிள்களைத் தின்கிறது. சக்கரத்தில் உள்ள பேரிங் முழுச் சுற்றுச் சுற்றும், கிரீஸ் எல்லாப் பக்கமும் பரவும். சஸ்பென்ஷன் மூட்டில் உள்ள பேரிங் சில பாகைகள் மட்டும் முன்னும் பின்னும் ஆடும். குண்டு நிற்கும் இடத்திலிருந்து கிரீஸ் ஒதுங்கிவிடும், திரும்பி வராது. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்தால் துரு, துருவின் மேல் பாரம், பிறகு குழி. அதிகத் தண்ணீர் அழுத்தத்தில் மூட்டுகள் மேல் பீய்ச்சிக் கழுவுவது இந்த வேலையை இன்னும் வேகப்படுத்தும். வாளித் தண்ணீரும் தூரிகையும் போதும்.

நல்ல சேதி என்னவென்றால், பெரும்பாலான மூட்டுகளில் இருப்பவை உலகப் பொது எண் கொண்ட பேரிங்குகள். 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மி.மீ. 6802 என்றால் 15, 24, 5. எண்ணோடு 2ஆர்எஸ் என்று இருந்தால் இருபுறமும் ரப்பர் மூடி. சைக்கிள் கடையில் ‘செட்’டாக வாங்குவதற்குப் பதில், ஜாலான் புசார் பக்கம் உள்ள ஹார்டுவேர் கடைகளில் எண்ணைச் சொல்லித் தேடிப் பாருங்கள். கிடைத்தால், குண்டுகளைப் பிரிக்கும் கூண்டு இல்லாமல் உள்ளே நிறையக் குண்டுகளை அடைத்த மேக்ஸ் வகையை எடுங்கள். குறைவாக ஆடி அதிகம் தாங்கும் வேலைக்கு அதுதான் ஏற்றது. மரைக்கம்பி ஒன்று, சரியான அளவு வாஷர்கள், இரண்டு நட்டு: பேரிங்கை உள்ளே அழுத்த இவ்வளவுதான் கருவி. சுத்தியலால் அடிக்கவே கூடாது.

ஈசூன் தம்பியின் பிரேமுக்கு வருகிறேன். ஷாக் 210×50. பின்அச்சு 148. பாட்டம் பிராக்கெட்டில் மரை. டார்ச் அடித்த இடங்களில் விரிசல் இல்லை. முக்கிய மூட்டின் போல்ட்டைக் கழற்றிப் பேரிங்கின் விளிம்பைத் துடைத்தால், துருவுக்கு நடுவே 6902 என்று தெரிந்தது. குறை இருந்த இடம் தெரிந்தது, சரிசெய்யும் வழியும் தெரிந்தது. “பேரிங் எல்லாம் மாத்தணும் தம்பி, ஷாக்குக்கும் சர்வீஸ் வேணும். அதக் கழிச்சுக்கலாமா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “சரிண்ணே. வீட்ல டப்பாவுல ஹேங்கர் ரெண்டு கெடக்கு, அதையும் எடுத்துட்டு வரேன்” என்று மாடிக்குப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரிங்கையும் மாற்றினேன். பழையவற்றில் ஐந்து நன்றாகவே சுழன்றன, மூன்றை விரலால் திருப்பவே முடியவில்லை. ஷாக்கை மாட்டுவதற்கு முன் பின்சட்டத்தை ஒருமுறை தூக்கிக் கையை எடுத்தேன். எங்கும் தடங்காமல் தன் எடையிலேயே மெல்லக் கீழே இறங்கியது.